மூடி மறந்த பதினொரு பின்

உப்பளத்துக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் சி பிளாக்கில் மொத்தம் பன்னிரண்டு வீடு, பன்னிரண்டுக்கும் ஒரே படிக்கட்டு, அந்தப் படிக்கட்டில் இறங்கி வருகிற எங்களில் யாரைப் பார்த்தாலும் வலது காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி வைப்பதைக் கண்டு, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரும் ஓட்டுக் கேட்டு வருகிறவரும் இங்கே தண்ணீரில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிக்கொண்டு போகிறார்கள், நாங்களும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டி அனுப்பிவிடுகிறோம், ஏனென்றால் உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தால் சிலிண்டர்காரர் அன்றைக்கு வேறு தெருவுக்குப் போக முடியாது. உங்களுக்கு நேரம் இருக்கிறது போலத் தெரிகிறது, அதனால் சொல்கிறேன்.

என் பெயர் வடிவு, ஏழாம் நம்பர் வீடு, ரேஷன் கடையில் எடை போடுகிறவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை வரிசையில் நிற்கிற சனத்தோடு மல்லுக்கட்டுகிறவள் என்பதால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் கட்டை. இந்தக் கதையில் நான் ஒரு அல்பத்தனமான காரியம் செய்திருக்கிறேன், அதையும் சொல்வேன், ஒளிக்க மாட்டேன்.

அஞ்சாம் நம்பர் வீட்டு தங்கபுஷ்பம் மதினி உப்பு பாக்கெட் போடுகிற கொட்டகையில் வேலை பார்த்தவள். ஒரு நாள் அடுக்கி வைத்த மூட்டைகள் சரிந்து அவள் முதுகில் விழுந்தன. ஆபரேஷன் செய்தார்கள், கட்டுப் போட்டார்கள், அவிழ்த்தார்கள், மருந்து மாற்றினார்கள், எல்லாம் செய்தபிறகு டாக்டர் இனிமேல் பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இடுப்பில் தொடங்கி வலது கால் பெருவிரல் வரை இறங்குகிற வலி, உட்கார்ந்தால் ஒரு மாதிரி, படுத்தால் ஒரு மாதிரி, நின்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அவள் ஒரு நாளும் சத்தம் போட்டு அழுததில்லை. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, வலது கை வளையலால் இரும்புக் கட்டிலின் காலில் டக் டக் என்று தட்டுவாள். மெதுவாகத் தட்டினால் வலி கொஞ்சம், வேகமாகத் தட்டினால் வலி அதிகம் என்று பிளாக்கில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நாங்கள் சமைத்தோம், சாப்பிட்டோம், சீரியல் பார்த்தோம், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பக்கத்து ஆறாம் நம்பரில் கொர்னேலியு அண்ணாச்சி, துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை, பெண்சாதி இல்லை, ஜெனிட்டா என்று ஒரே மகள். அவரிடம் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் உண்டு, ஷிஃப்ட் இல்லாத நேரமெல்லாம் அதில் ரேடியோ பாட்டுப் போட்டு எங்கள் உயிரை எடுப்பார். தங்கபுஷ்பம் மதினி ஒருத்திக்குத்தான் அது பிடிக்கும். ஒரு நாள் புருஷனிடம் சொன்னாள், "அண்ணாச்சி வீட்டுப் பாட்டு செவுத்துக்கு அந்தப் பக்கமே நின்னு போகுது. எங்காதுக்குப் பக்கத்துல கேட்டா தேவல."

அவள் புருஷன் சித்திரைவேல் அண்ணன் உப்பு ஆலையில் சாக்கு தைக்கிற மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். ஸ்க்ரூ டிரைவர் கையில் நல்லா நிற்கும், ஆனால் அதுவரை ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னைத் தொட்டது கிடையாது. அவள் வாய் திறந்து ஒன்று கேட்டுவிட்டாள் என்பதற்காக அயர்ன், ஈயக்கம்பி, பேஸ்ட், பத்து கெஜம் வயர், ஒரு ஆடியோ பின் எல்லாம் வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுக்களைத் தரையில் உட்கார்ந்தார். வயரின் ஒரு முனையைச் சுவர் உச்சியில் இருக்கிற வென்டிலேட்டர் வழியாக அண்ணாச்சி வீட்டுக்குள் விட்டு ஆம்ப்ளிஃபயரில் இறுக்கி முடித்தாகிவிட்டது, இந்த முனையில் பின் வைத்து மதினி தலைமாட்டில் இருக்கிற சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் சொருக வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுதான் என்பதற்கு மூன்று மணி நேரம் ஆனது.

பின் உருண்டுகொண்டே இருந்தது. மதினிதான் கட்டிலில் கிடந்தபடியே ஒரு உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி அதில் பின்னைக் குத்தி நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினார், நின்றது. ஈயத்தை அயர்னில் உருக்கிச் சொட்டவிட்டார், அது உருண்டையாகிக் குதித்து ஓடியது. வயரின் பிளாஸ்டிக் தோல் உருகி நாறியது. கடைசியில் பின்னையும் கம்பியையும்தான் சுட வைக்க வேண்டும், சூடான இடத்துக்கு ஈயம் தானாக ஓடிவரும் என்று கண்டுபிடித்தார். பேஸ்டிலிருந்து பிசின் புகை மேலே போக, ஈயம் பளபளவென்று பரவி உட்கார்ந்தது. ஊதி ஆற்றி, இழுத்துப் பார்த்து, சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது பின்மேல் திருகுகிற மூடி பக்கத்துத் தட்டில் கிடந்தது.

மூடியை முதலில் வயரில் கோத்துக்கொண்டு அப்புறம்தான் ஈயம் வைக்க வேண்டும், வைத்தபிறகு கோக்க முடியாது. வீட்டில் உட்கார்ந்து சால்டர் வைக்கிற மனுஷர் அத்தனை பேரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு இது. பற்ற வைத்த இடம் மூடியில்லாமல் அம்மணமாக நின்றது. "கெடக்கட்டும், பொறவு பாத்துக்கிடலாம்," என்று சொல்லிவிட்டு, பாட்டு உங்களுடையது, நீங்களே சொருகுங்கள் என்று மரியாதைக்கு கொர்னேலியு அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

அண்ணாச்சி வந்து சொருகினார். பாட்டு மதினியின் காதுக்குப் போனது. மதினியின் வலியில் பாதி அண்ணாச்சியின் காலுக்கு வந்தது.

கட்டிலில் வளையல் சத்தம் நின்றுவிட்டது. அண்ணாச்சி தொடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வாயுப் பிடிப்பு என்று நினைத்து வீட்டுக்குப் போய், மறுநாள் நொண்டிக்கொண்டே இழுவைப் படகில் ஏறி வேலை பார்த்துவிட்டு வந்தார். பிறகு யோசித்து, அஞ்சாம் நம்பருக்கு வந்து பின்னை உருவினார், கால் சரியானது, வளையல் தட்ட ஆரம்பித்தது. சொருகினார், கால் வலித்தது, வளையல் நின்றது. ஸ்விட்ச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி மூன்று தடவை செய்து பார்த்தார்.

"பாட்டு இங்க வருது, நோவு அங்க போகுது," என்றார். "வயர்னா ரெண்டு பக்கமும் போகத்தான செய்யும்."

அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி ஆராயவில்லை. சித்திரைவேல் அண்ணன் மட்டும் அன்றைக்கே ஓடிப்போய் இன்னொரு பின் வாங்கி வந்து தன் செல்போனிலிருந்து ஒரு வயர் இழுத்து, அதிலும் பதற்றத்தில் மூடியை மறந்து, தன் கையால் சொருகிப் பார்த்தார். பாட்டு வந்தது, வலி வரவில்லை. உருவி உருவிச் சொருகினார், நாற்பது தடவை இருக்கும். ஒரே வீட்டு வயருக்குள் அது போகாதாம், என்ன கணக்கோ. மனுஷன் கொல்லைப்புறக் குழாயடியில் போய் முகத்தைக் கழுவுகிற மாதிரி நின்று அழுதார், நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஏன் இப்படி நடக்கிறது என்று எங்கள் பிளாக்கில் யாரும் கேட்கவில்லை, ஒரே ஆள் எத்தனை நாள் தாங்குவார் என்றுதான் கேட்டார்கள். ஏணியில் ஏறி இறங்குகிற வேலை அண்ணாச்சிக்கு. மொட்டை மாடியில் கூட்டம் போட்டோம். பன்னிரண்டில் ஒன்று நோயாளி வீடு, மீதி பதினொன்று, பதினொரு வீட்டிலிருந்தும் வயர் இழுத்தால் ஆளுக்கு ஒரு கிள்ளுதான் வரும் என்று நான்தான் சொன்னேன், பங்கு போடுவது என் தொழில். ஒன்பதாம் நம்பர் பேச்சிமுத்து, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், எழுந்து நின்று தன் கால் தன் பிழைப்பு என்றார், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்போது கீழே டக் டக் என்று வளையல் கேட்டது, அண்ணாச்சி கூட்டத்துக்கு மாடிப்படி ஏறுவதற்காகப் பின்னை உருவிவிட்டு வந்திருந்தார். வேகமான தட்டு. "சரி, எனக்கும் ஒண்ணு இழுங்க," என்று சொல்லிவிட்டு வாத்தியார் உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குத்தான் முதலில் வயர் இழுத்தது. சித்திரைவேல் அண்ணன் கை தேறிவிட்டது, மூடியை மறக்காமல் கோத்து, ஈயம் வைத்து, மூடியைத் திருகி, கடையில் வாங்கியதைப் போலச் செய்து கொடுத்தார். வாத்தியார் சொருகினார். பாட்டு வந்தது, வலி வரவில்லை. அந்த ஆளுக்குக் கல்நெஞ்சு, அதனால்தான் வலி உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது என்று பிளாக் முழுக்க மூன்று நாள் பேசினோம், அவர் பெண்சாதியே பேசினாள். நாலாம் நாள் என் வீட்டுக்கு வயர் இழுத்தபோது அண்ணன் மூடியை மறந்துவிட்டார், என் காலில் பளிச்சென்று வந்து இறங்கியது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது, வாத்தியாரிடம் எல்லாரும் தனித்தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டோம்.

மூடியை மறந்து வைத்த பின்னில்தான் வலி போகும். சரி, வேண்டுமென்றே மூடியை ஒதுக்கி வைத்துவிட்டு ஈயம் வைத்தால் என்ன என்று பார்த்தோம், போகவில்லை. உண்மையாகவே மறக்க வேண்டும். மறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு உட்காருகிற மனுஷனுக்கு மூடியைத் தவிர வேறு எதுவும் ஞாபகத்துக்கு வராது என்பது உங்களுக்கே தெரியும். பாவம் சித்திரைவேல் அண்ணன், ஒன்று மாற்றி ஒன்று மூடியோடு பற்ற வைப்பார், ஈயத்தை உருக்கி எடுப்பார், மறுபடி உட்காருவார், தட்டில் கிடக்கிற மூடி அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசி அவர் புத்தியைத் திருப்புவது அந்தந்த வீட்டுக்காரர் பொறுப்பு என்று ஏற்பாடு செய்தோம். மூன்றாம் நம்பர் ஆள் கிரிக்கெட் பேசினார், பலிக்கவில்லை. பத்தாம் நம்பர் பெண் தன் மாமியார் கொடுமையைச் சொன்னாள், அண்ணன் உச்சுக்கொட்டிக்கொண்டே மூடியைக் கோத்தார். இப்படி எல்லாரும் தோற்றுப்போனபிறகு, என் வயர் முன்பே முடிந்திருந்தும், அவர்களுக்கு உதவியாக நான் போய் உட்கார்ந்தேன். எனக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை, பாமாயில் வரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, சும்மா வாயில் வந்ததைச் சொன்னேன், "நேத்து மதினி சிரிச்சாவ, பாத்தியளா? நான் படியில வழுக்கிட்டேன்னு சொன்னதுக்கு."

"சிரிச்சாளா?" என்று கேட்டார். "சத்தமாவா?"

"பல்லு தெரிஞ்சது."

அவ்வளவுதான், மனுஷன் மறந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கபுஷ்பம் மதினி அன்றைக்கு என்ன செய்தாள், ஜன்னல் வரை நடந்தாளா, தோசை எத்தனை தின்றாள் என்பதைப் போய் அவரிடம் சொல்ல ஆரம்பித்தார்கள், பின்னுக்குப் பின் மூடி தட்டிலேயே தங்கிவிட்டது. இப்படித்தான் பதினொரு வயரும் முடிந்தன, பதினொரு மூடிகளையும் அண்ணன் ஈயக்கம்பி இருக்கிற பிஸ்கட் டப்பாவிலேயே போட்டு வைத்தார்.

ஒரு மரப்பலகையில் பதினொரு ஓட்டை வைத்து ஸ்பீக்கர் பெட்டியோடு சேர்த்து மதினியின் தலைமாட்டில் மாட்டியாயிற்று. காலையில் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து தன் வீட்டுப் பின்னைத் தன் கையால் சொருக வேண்டும், யார் சொருகினார்களோ அவர்களுக்குத்தான் வலி, உருவுகிற வரைக்கும் அவர்கள் எங்கே போனாலும் கூடவே போகும். முறை வைத்து எழுதிக் கதவில் ஒட்டினேன். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு விலக்கு, கர்ப்பிணிகளுக்கு விலக்கு, காய்ச்சல் என்று சும்மா சொல்கிறவர்களுக்கு விலக்கு இல்லை. பதினொரு வீட்டிலும் பதினொரு பாட்டு ஓடினால் மதினிக்குத் தலை வெடித்துவிடும் என்பதால் எல்லா வீட்டிலும் ஒரே ஸ்டேஷன்தான் வைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டு, எந்த ஸ்டேஷன் என்று ஒரு மாதம் சண்டை போட்டோம். உப்புக் காற்றில் மூடியில்லாத இணைப்பெல்லாம் பச்சை பூத்தது, ஞாயிற்றுக்கிழமை தோறும் எலுமிச்சம்பழத்தைத் தொட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்து வைத்தோம்.

வலி ஆளுக்கு ஒரு கிள்ளாகக் குறைந்தது. வலது முட்டிக்குக் கீழே, உள்பக்கமாக, எறும்பு கடித்துவிட்டுப் போகாமல் அங்கேயே இருக்கிற மாதிரி. புருஷன் பெண்சாதிக்குள் நீ போய்ச் சொருகு, நேற்று நான்தானே போனேன் என்று சண்டை நடந்தது. எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் ஒரே பிளாக்கிலிருந்து பதினொரு பேர் ஒரே இடத்தில் கிள்ளுகிறது என்று வருவதைப் பார்த்துவிட்டு எங்கள் எல்லாருக்கும் ஒரே தைலம் எழுதிக்கொடுத்தார். மதினியோ எழுந்து உட்கார்ந்தாள், ஜன்னல் வரை நடந்தாள், வாசல் வரை நடந்தாள், பதினொரு வீட்டு ஜாக்கெட்டுக்கும் கொக்கி தைத்துக் கொடுத்தாள். அவளிடம் மீதி இருந்ததும் எங்களைப் போலவே ஒரு கிள்ளுதான்.

இப்போது என் அல்பத்தனம். மாசம் பிறந்தால் ரேஷன் கடையில் முதல் மூன்று நாள் கூட்டம் நெரியும், காலை முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும். அந்தக் கிள்ளும் சேர்ந்தால் எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிவிடும். பின்னைப் பாதி சொருகினால் பாட்டு போகும், வலி வராது என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன், மூன்று நாள் பாதிதான் சொருகினேன். நாலாம் நாள் மதினி தையலை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள், "வடிவு, ஒன் பாட்டு மட்டும் கரகரன்னு கேக்கு. கடையில கூட்டமா?"

"ஆமா மதினி," என்றேன்.

"ஒங்களுக்கும் அலுப்பாத்தான இருக்கும்," என்றாள், கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் பாதி சொருகியதில்லை. ஆனால் அந்தப் பாதிப் பின்தான் அவள் மனசில் ஒன்றை விதைத்தது என்று எனக்குத் தெரியும், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அந்த வைகாசியில் கொர்னேலியு அண்ணாச்சி மகள் ஜெனிட்டாவுக்குக் கல்யாணம் முடிவானது, மாப்பிள்ளைக்கு ஊர் மணப்பாடு. நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளையின் சித்தி படியில் இறங்கும்போது, "பொண்ணு வீட்டுச் சனம் பூராவும்லா நொண்டுது," என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தாள், அது அஞ்சாம் நம்பர் ஜன்னலுக்கு நேராகச் சொன்னது.

கல்யாணத்தன்று காலையில் எல்லாரும் பட்டும் பவுடருமாக வந்து முறைப்படி சொருகினோம். மதினி ஒவ்வொருவரையும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று பார்த்து அனுப்பினாள். சித்திரைவேல் அண்ணன் வீட்டில் இருக்கிறேன் என்றார், அவள்தான், "அண்ணாச்சிக்குக் கூடப்பெறந்த ஆளில்ல, நீங்க நிக்கலன்னா எப்படி," என்று விரட்டினாள். மாதா கோயில் பின்தெருவில்தான் இருக்கிறது, நடந்தால் ஆறு நிமிஷம்.

அண்ணாச்சி சரிகை வேட்டியைக் கட்டிக்கொண்டு மகள் கையைப் பிடித்து கோயில் நடுப்பாதையில் தாங்கித் தாங்கி நடந்து போனார், மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. பூசை நடந்தது, பாட்டுப் பாடினார்கள், பங்குச் சாமியார் மணமக்களைக் கூப்பிட்டு நிறுத்தி, சம்மதமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டார், அவன் சம்மதம் என்றான். ஜெனிட்டா பக்கம் திரும்பினார்.

அப்போது என் காலில் கிள்ளு நின்றது.

முதலில் எனக்குப் புரியவில்லை, ஏதோ குறைகிறதே என்று குனிந்து காலைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது எனக்கு முன் வரிசையில் பேச்சிமுத்து வாத்தியார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். மூன்றாம் நம்பர் எழுந்தது, பத்தாம் நம்பர் எழுந்தது. அண்ணாச்சி பீடத்துக்குப் பக்கத்தில் நின்றபடி தன் முட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். சித்திரைவேல் அண்ணனுக்கு மட்டும் காலில் சொல்ல ஒன்றுமில்லை, எங்கள் முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார், அந்த முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

ஓடினோம். அண்ணாச்சி மகளையும் சாமியாரையும் விட்டுவிட்டு ஓடினார், ஜெனிட்டா பதில் சொல்லாமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடினாள், மாப்பிள்ளை அவளுக்குப் பின்னால், மாப்பிள்ளை வீட்டார் என்ன ஏதென்று தெரியாமல் அவர்களுக்குப் பின்னால். அந்த ஓட்டத்தில் எங்களில் ஒருத்தரும் நொண்டவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இரண்டு காலும் நேராக ஓடின. ஐயோ, ஒரு கிள்ளாவது கிள்ளேன், ஒரே ஒரு கிள்ளு என்று கும்பிட்டுக்கொண்டே ஓடினேன், மூன்று நாள் அதைக் கொண்டுபோய் அவள் தலையிலேயே கட்டியவள் நான்.

படிக்கட்டில் வளையல் சத்தம் இல்லை. கதவைத் தள்ளினோம். வளையல்கள் ஜன்னல் விளிம்பில் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. மதினி பலகைக்குக் கீழே தரையில் கிடந்தாள், வாயில் சேலைத் தலைப்பு, வேர்த்து நனைந்து போயிருந்தாள், கையில் பதினொரு வயரும் கொத்தாக. உயிர் இருந்தது. பின்னைப் பிடித்து உருவாமல் வயரைப் பிடித்து இழுத்திருக்கிறாள், மூடியில்லாத இணைப்பு எவ்வளவு தாங்கும், எல்லாம் பிய்ந்து வந்துவிட்டன, பின்கள் மட்டும் பலகை ஓட்டைகளில் அப்படியே நின்றன.

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து அவள் வாயிலிருந்து துணியை எடுத்தார்.

"இன்னைக்கு ஒரு நாளாச்சும் நேரா நில்லுங்கன்னுதான்," என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் இடையில் மூச்சு வாங்கியது. "சம்மந்தக்காரங்க முன்னால."

"நேரா நின்னு என்னத்தத் தாயி செய்ய?" என்றார் அண்ணாச்சி. "நீ செத்துட்டன்னுலா ஓடியாந்தோம். எங்க உசுரே போயிட்டு." சரிகை வேட்டியோடு தரையில் உட்கார்ந்து அந்தப் பெரிய மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். பேச்சிமுத்து வாத்தியார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, "எங்களைக் கேக்காம வயரைப் பிய்க்க ஒனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?" என்று கத்தினேன், கத்திக்கொண்டே அவள் முகத்தைத் துடைத்தேன்.

அதற்குள் சித்திரைவேல் அண்ணன் அயர்னை மாட்டிவிட்டார். அடுக்களையிலிருந்து யாரோ உருளைக்கிழங்கு கொண்டுவந்தார்கள், மாப்பிள்ளையின் சித்திதான் அரிவாள்மணையை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாக வெட்டித் தந்தாள், எதற்கென்று கேட்கக்கூட இல்லை. பின்களைக் குத்தி நிறுத்தினோம், அவரவர் வயரை அவரவர் பிடித்துக்கொண்டோம், பிஸ்கட் டப்பாவிலிருந்து ஈயத்தை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். "வெரசா, வெரசா" என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஈயம் புகைந்தது, மதினி என் கையை நொறுக்கிவிடுகிற மாதிரிப் பிடித்திருந்தாள். சாமியாரும் வந்து வாசலில் நின்றார். ஒவ்வொன்றும் ஆற ஆற அந்தந்த வீட்டு ஆள் எடுத்துக்கொண்டு போய்ச் சொருகினார்கள், சொருகச் சொருக என் கை மேலிருந்த பிடி தளர்ந்துகொண்டே வந்தது.

ஆறாம் நம்பர் பின்னை அண்ணாச்சி எடுக்கப் போனார், ஜெனிட்டா முந்திக்கொண்டாள். "இனிமே இது எனக்குப்பா," என்று சொல்லி, மாலையும் முக்காடுமாகக் குனிந்து சொருகினாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள், "வந்துட்டு அத்தை," என்றாள். மாப்பிள்ளைப் பையன் அவள் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியாக என்னுடையது. முனை உள்ளே போய் இடிக்கிற வரைக்கும் அழுத்தினேன், இடித்தபிறகும் அழுத்தினேன். முட்டிக்குக் கீழே, உள்பக்கமாக, பழைய இடத்தில் வந்து கிள்ளியது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. மதினி, "எந்த ஸ்டேஷன்ட்டி வச்சிருக்கிய, ஒரே இரைச்சலா இருக்கு," என்று கேட்டாள்.

பிறகு எல்லாருமாகக் கோயிலுக்குத் திரும்பி நடந்தோம், பத்துப் பேர் வலது காலைத் தாங்கித் தாங்கி, நடுவில் அண்ணாச்சிக்குப் பதிலாகக் கல்யாணப் பெண்ணும் தாங்கித் தாங்கி. ஆறு நிமிஷ வழிக்கு இருபது நிமிஷம் ஆனது. மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்காக மெதுவாக நடந்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. சாமியார் விட்ட இடத்திலிருந்து கேட்டார், ஜெனிட்டா சம்மதம் என்றாள்.

சாயங்காலம் அயர்னைத் துடைத்து எடுத்து வைக்கும்போதுதான் சித்திரைவேல் அண்ணன் டப்பாவுக்குள் பார்த்தார், என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பதினொரு மூடிகளும் ஈயக்கம்பியோடு அதற்குள்ளேயே கிடந்தன. ஈயத்துக்காக என் கை அதற்குள் பதினொரு தடவை போயிருக்கிறது, மூடிகளைத் தள்ளிவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் எடுத்திருக்கிறேன், எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை, சுற்றி நின்ற அவ்வளவு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. யாரும் யாரையும் பேச்சுக்கொடுத்து மறக்க வைக்கவும் இல்லை. அவர் டப்பாவை மூடி அலமாரியில் வைத்தார்.

ஜெனிட்டா அந்தப் பின்னை உருவாமலேயே மணப்பாட்டுக்குப் போனாள், யாரையும் உருவ விடவும் இல்லை. ஆறாம் நம்பர் ரேடியோ இன்றைக்கும் அதே ஸ்டேஷனில் ஓடுகிறது. காலையில் அப்பாவுக்குப் போன் போட்டால், சாப்பிட்டீர்களா, ஷிஃப்ட் எப்போது என்றெல்லாம் கேட்பாளே தவிர, தங்கபுஷ்பம் அத்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவே மாட்டாள். அண்ணாச்சிதான் ஒரு தடவை, ஏன்ட்டி அத்தையை விசாரிக்கவே மாட்டேங்க என்று கடிந்துகொண்டார்.

"கேக்கணுமாக்கும்?" என்றாளாம். "காலையிலேருந்து கிள்ளிட்டுத்தான இருக்கு. அத்தை நல்லாத்தான் இருக்காவ."